பெட்டி எண் நானூற்றுப் பதினேழு

பதினோரு வருஷம்
ஹில்ட்யெ வியார்டா கேட்ட பெட்டிகளை
எடுத்து வந்தவன் நான்.
லேவார்டன் ஆவணக் காப்பகம், கீழ்த்தளம்,
பதினெட்டு டிகிரி, ஜன்னல் கிடையாது.
அவள் நாவல் எழுதுகிறாள் என்றே
முதல் மூன்று வருஷம் எனக்குத் தெரியாது.
வாரிசு வழக்குக்குத் தாள் தேடுகிறவள் என்றிருந்தேன்.
அப்படி ஒரு பசி அந்தக் கண்ணில்.

வெண்ணெய் எடைபோட்ட கணக்கைப் படிப்பாள்.
மதகுக் காவலனுக்குக் கொடுத்த
கம்பளிக் காலுறையின் ரசீதைப் படிப்பாள்.
செத்த மாட்டுக்கு நஷ்டஈடு கேட்ட விதவையின்
மூன்று கடிதங்களையும் படித்துவிட்டு
நான்காவது இல்லையே என்று
ஒரு புதன்கிழமை முழுக்க யாரோடும் பேசவில்லை.

காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் ஒருமுறை சொன்னாள்:
அப்பா பாலம் தூக்குகிறவர்.
படகு வந்தால் மணி அடிக்கும்.
அவர் பாலத்தை உயர்த்த, சிறுமி இவள்
தூண்டில் கயிற்றில் கட்டிய மரச்செருப்பைப்
படகுக்காரன் மூக்குக்கு நேராக இறக்குவாள்.
செருப்புக்குள் சில்லறை விழும்.
"ஒரு கொலையைக்கூட நான் ஒரே மூச்சில் வாசித்ததில்லை, வீபெ.
கத்தியை ஓங்கியபடி அவன் நிற்பான்,
நான் காசு எண்ணிவிட்டு வருவேன்."

அதனால்தானோ என்னவோ,
எலி தின்ற பக்கம் வந்தாலும் முகம் சுளிக்கமாட்டாள்.
படகு போகட்டும் என்பதுபோல
பென்சிலைக் கீழே வைத்துக் காத்திருப்பாள்.

விருது இரவு.
நான் வீட்டில், பட்டாணி சூப்போடு, தொலைக்காட்சி முன்னால்.
நடுவர் குழுத் தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
நாவலிலிருந்து ஒரே ஒரு வரி படித்தார்,
வெள்ளம் வடிந்த மறுநாள்
கரை ஒதுங்கிய பொருள்களின் பட்டியலில் வருவது:
தொட்டில் ஒன்று. காலி. உள்ளே ஈரமில்லை.
"இந்தக் கற்பனைக்கு முன்னால் தலை குனிகிறோம்" என்றார்.
அரங்கம் எழுந்து நின்று தட்டியது.

என் கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது.
பெட்டி நானூற்றுப் பதினேழு, உறை ஆறு,
இடப்பக்கம், அடியில்.
எழுதியவன் ஊர்க் கணக்கன்.
பெயர் இல்லை. நாள்கூலி எவ்வளவு என்பது மட்டும் இருக்கிறது.
அதற்கு மேல் வரி: வாளி இரண்டு.
கீழ் வரி: கதவு ஒன்று, கீலோடு.
அவன் எதையும் கற்பனை செய்யவில்லை.
சேற்றில் குனிந்து
தொட்டிலுக்குள் கை விட்டுப் பார்த்திருக்கிறான்.

கேமரா அவள் முகத்துக்குப் போனது.
வாய் திறந்தாள். மூடினாள்.
மணி அடித்துவிட்டது,
பாலம் உயர்கிறது,
வாக்கியம் பாதியில்.
பிறகு நன்றி சொன்னாள்:
பதிப்பாளருக்கு, நடுவர்களுக்கு,
காப்பகத்தில் பெட்டி தூக்கும் வீபெக்கு.
கணக்கனுக்குச் சேரவேண்டியதில் ஒரு பங்கு
எனக்கு வந்துவிட்டது.
வேண்டாம் என்று சொல்ல வழியில்லை,
உள்ளூர ஆசையாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை, கதவு திறக்கும் முன்னே
வாசலில் நின்றாள், மழையில், பூங்கொத்தோடு.
வாசிப்பறைக்குள் பேனா கூடாது, குடை கூடாது,
ஈரமான எதுவும் கூடாது.
பூக்களைப் பன்னிரண்டாம் பெட்டகத்தில் பூட்டினேன்.
வேண்டுகைச் சீட்டை நீட்டினாள்.
'நோக்கம்' என்ற கட்டத்தில்
பதினோரு வருஷமாக 'நாவல்' என்று எழுதியவள்
அன்று 'வாசிக்க' என்று எழுதியிருந்தாள்.

எந்தப் பெட்டி என்று நான் சீட்டைப் பார்க்கவில்லை.
போய் எடுத்து வந்தேன்.

ஐந்து மணிக்கு வெறுங்கையோடு கிளம்பினாள்.
பெட்டகத்தைத் திறந்து பார்த்துவிட்டு
அன்றைய பதிவேட்டில் எழுதினேன்:
பூங்கொத்து ஒன்று. துலிப்.
உரியவர் எடுத்துச் செல்லவில்லை.
காகிதம் நனைந்திருக்கிறது.